எயார் சஸ்பென்ஷன் வேலை: முட்டுக் கொடுப்பது முதல் உயரம் பார்ப்பது வரை

ஸ்பிரிங் பட்டை வாகனத்தில் வேலை பழகியவர்கள் எயார் சஸ்பென்ஷன் வாகனத்துக்கு அடியிலும் அதே பழக்கத்தோடு போய்விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். ஸ்பிரிங் பட்டை இரும்பு; பக்கத்தில் ஒரு நட்டைக் கழற்றினாலும் அது தாங்கிக்கொண்டுதான் இருக்கும். இங்கே பாரத்தைத் தாங்குவது காற்று. பென்சில் தடிப்புள்ள ஒரு பைப்பைக் கழற்றினால் போதும், பல தொன் எடையுள்ள பாடி கீழே வந்து உட்காரும்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் கராஜ் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை மனதில் வைத்து, வேலையை நாங்கள் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறக்கூடாது: முதலில் முட்டு, அடுத்தது காற்றை வெளியேற்றுவது, அதற்குப் பிறகுதான் ஸ்பானர்.

1. காற்று எப்படிப் பாரத்தைத் தாங்குகிறது

காற்றுப் பை என்பது நூல் பின்னல் வைத்து வார்த்த தடித்த ரப்பர் உறை. மேலே ஒரு தட்டு, கீழே பிஸ்டன் என்று சொல்லும் ஒரு குமிழ். பாரம் கூடும்போது ரப்பர் அந்தப் பிஸ்டன் மீது மடிந்து இறங்கும். விபத்தில் விரியும் எயார் பேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கு எளிது. பைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கிறது, பையின் பயன்படும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பை 2,000 கிலோவைத் தூக்கி நிற்கிறது. பைப்பைக் கழற்றும்போது நீங்கள் விடுவிப்பது அந்த 2,000 கிலோவைத்தான்.

பஸ்ஸில் காற்று போகும் வழி இது. எஞ்சினோடு ஓடும் கொம்ப்ரசர் காற்றை அழுத்தும். டிரையர் அதிலுள்ள ஈரத்தை எடுக்கும். காற்று டாங்கிக்குப் போய், அங்கிருந்து ஒரு பாதுகாப்பு வால்வு வழியாக சஸ்பென்ஷனுக்கு வரும். கொம்ப்ரசர் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் பொது என்பதால் அந்த வால்வு முக்கியம். பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் சேர்ந்த பிறகுதான் அது சஸ்பென்ஷனுக்கு வழி விடும். அழுத்தம் குறைந்தால் மூடிக்கொள்ளும்.

கடைசியில் லெவலிங் வால்வு. இது சேஸியில் பூட்டியிருக்கும். அதன் கை ஒரு கம்பியால் அக்ஸலோடு இணைந்திருக்கும். ஆட்கள் ஏறினால் சேஸி இறங்கும், கை மேலே தள்ளப்படும், பைக்குக் காற்று போகும். ஆட்கள் இறங்கினால் சேஸி எழும்பும், கை கீழே போகும், காற்று வெளியேறும். நடுவில் நின்றால் இரண்டு வழியும் மூடியிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் காற்றை ஏற்றி இறக்காமல் இருக்கப் பல வால்வுகள் சில விநாடி தாமதித்துத்தான் வேலை செய்யும். அந்தத் தாமதத்தைப் பழுது என்று நினைத்து வால்வை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. உங்கள் முன்னால் நிற்பது எந்த வகை என்று பாருங்கள்

ஜீப், சொகுசுக் கார் வகைகளில் கொம்ப்ரசர் தனியாக மின்சாரத்தில் ஓடும். ஒவ்வொரு மூலையிலும் உயர சென்சர் இருக்கும், வால்வு பிளொக் ஒன்று இருக்கும், எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் நடத்தும். ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி போன்றவற்றில் நான்கு சில்லுக்கும் காற்றுப் பை வரலாம். பிராடோ 120 வகையில் சிலவற்றில் பின்பக்கம் மட்டும்தான்.

லேண்ட் குரூசர் 100இல் உயரம் மாற்றும் சுவிட்ச் இருப்பதைப் பார்த்து அதுவும் காற்று என்று நினைக்காதீர்கள். அதில் வேலை செய்வது எண்ணெய் அழுத்தமும் அடைத்து வைத்த நைட்ரஜனும். இங்கே எழுதியது அதற்குப் பொருந்தாது.

3. கையில் இருக்க வேண்டியவை

வாகனத்தின் எடைக்குத் தகுந்த இரும்பு ஸ்டாண்டுகள், குறைந்தது நான்கு. சேஸிக்கு இரண்டு, அக்ஸலுக்கு இரண்டு. சீமெந்துக் கல், செங்கல் வேண்டாம். அவை எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் உடையும். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க கடின மரப் பலகை. சில்லுக்கு ஆப்பு வடிவில் வெட்டிய மரக்கட்டைகள். வீதியோரக் கல்லை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம், ஆனால் உருண்டையான கல் ஈரத் தரையில் சில்லோடு சேர்ந்து நகரும்.

பிறகு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, டார்ச், அளவு நாடா, டோர்க் ஸ்பானர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்), நைலோன் பைப் வெட்டும் கட்டர், சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே போத்தல். அந்த வாகனத்துக்குரிய உயர அளவும் இறுக்க அளவும் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்கட்டும். பாதி வேலையில் தேடத் தொடங்கினால் ஊகத்தில் இறுக்கிவிடுவோம்.

4. இடம்

மலைநாட்டில் சமதரை கிடைப்பது பெரிய விஷயம். பல கராஜ்களின் தரை, வாசலிலிருந்து உள்ளே போகப் போகச் சரியும், கண்ணுக்கு அது தெரியாது. மேசன் பாஸ்மார் பாவிக்கும் தண்ணீர் டியூபை எடுத்து ஒருமுறை தரையின் மட்டத்தைப் பாருங்கள். நான்கு சில்லும் நிற்கும் இடத்தைப் பெயின்டால் குறித்து வையுங்கள். அடுத்த வாகனத்தையும் அதே குறியில் நிறுத்தலாம்.

சரிவில் நின்றுபோன வாகனத்தை அங்கேயே கழற்ற வேண்டாம். ரம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனை இறக்கத்திலோ பை வெடித்து நிற்கும் பஸ்ஸை இழுத்துச் சமமான இடத்துக்குக் கொண்டுவருவது செலவுதான். ஆனால் சரிவில் ஜாக்கி வைத்தால் வாகனம் எழும்பும்போது பாரம் பக்கவாட்டிலும் தள்ளும், ஜாக்கி சாயும்.

கட்டைகளைச் சில்லின் முன்னும் பின்னும் வையுங்கள். காற்று இறங்கினால் பின் பிரேக் ஸ்பிரிங்கால் தானாகப் பிடிக்கும் என்று டிரைவர் சொல்லலாம். எல்லா வாகனத்திலும் அது இல்லை, இருந்தாலும் தேய்ந்திருக்கலாம். கட்டை வைப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

5. காற்று இருக்கும்போதே கசிவைத் தேடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் பிழை, வாகனம் வந்தவுடனே கழற்றத் தொடங்குவது. காற்று போன பிறகு கசிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் நோயைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் அழுத்தம் நிறைந்திருக்கும்போதே முடிய வேண்டும்.

அழுத்தத்தை முழுதாக ஏற்றி எஞ்சினை நிறுத்துங்கள். ஒவ்வொரு சில்லிலும் நடு மையத்திலிருந்து மேலே பாடி விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பை, அதன் பைப், அதன் மூட்டு. பஸ்ஸில் முன்பக்கம் இரண்டும் ஒன்றாக இறங்கினால், முன்னுக்கு ஒரே லெவலிங் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டு பையும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு, வால்வில் தேடுங்கள்.

நுவரெலியாவில் இரவு நின்ற வாகனத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வந்து நிற்கும்போது 28 பாகையில் இருந்த காற்று விடியற்காலையில் 8 பாகைக்கு வந்தால், அதன் கனவளவு சுமார் 7 சதவீதம் சுருங்கும். நான்கு பக்கமும் கொஞ்சம் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது குளிரின் வேலை, கசிவு இல்லை. இதற்காகப் புதுப் பை வாங்கிப் போட்ட உரிமையாளர் ஒருவர் எங்களிடம் வந்தார். புதுப் பையும் அதே அளவு இறங்கியது.

அடியில் தலையை நுழைக்கும் முன் அடுத்த பகுதியில் சொல்லும் சேஸி முட்டைக் கொடுத்துவிடுங்கள். கசிவு தேடப் போகிறவருக்கும் அது கட்டாயம்.

பிறகு சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். முதலில் பைப் மூட்டுகள், அடுத்து பையின் மேல் தட்டு விளிம்பு, கடைசியாக மடிப்பு. பெரிய கசிவு சத்தத்திலேயே தெரிந்துவிடும். நம்மை ஏமாற்றுவது சின்னக் கசிவு: வெள்ளையாக, கடுகு அளவு நுரை ஒரு இடத்தில் மெதுவாகச் சேரும். தெளித்தவுடன் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது பாருங்கள். வாகனம் உயர்ந்து நிற்கும்போது மடிப்புக்குள் மறையும் வெடிப்பு, இறங்கி நிற்கும்போது வெளியே வரலாம். அதனால் முடிந்தால் இரண்டு உயரத்திலும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து வீதியில் ஓடும் வாகனங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். மழையில் ஏறும் சிவப்பு மண் பிஸ்டனைச் சுற்றி அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். பை ஒவ்வொரு முறை மடியும்போதும் அந்த மண் ரப்பரை உரசும். வெறும் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். டீசலோ பெட்ரோலோ வேண்டாம், கழுவிய பிறகு கிரீஸ் பூசவும் வேண்டாம். எண்ணெய் ரப்பரை ஊதி மென்மையாக்கிவிடும்.

லெவலிங் வால்வின் வெளியேற்றுத் துளையிலும் நுரை வைத்துப் பாருங்கள். கை நடுவில் நிற்கும்போதும், சில விநாடி பொறுத்த பிறகும் நுரை வந்துகொண்டே இருந்தால் வால்வு உள்ளே கசிகிறது.

6. முட்டும், காற்றை வெளியேற்றுவதும்

முழு வேலையிலும் அதிக கவனம் தேவைப்படும் இடம் இது. ஆறுதலாக வாசியுங்கள்.

ஜீப் வகையில் முதலில் ஜாக்கி நிலைக்கு மாற்றுங்கள், அல்லது உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தும் சுவிட்சை அணையுங்கள். கதவுகளை மூடிச் சாவியை எடுத்துவிடுங்கள். சில வாகனங்கள் நிறுத்திய பிறகும் இடைக்கிடை தானாக விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூலைகளை இறக்கும். நீங்கள் அடியில் இருக்கும்போது அது நடக்கக்கூடாது. ஜாக்கியில் ஏற்றியதும் சில்லு கீழே தொங்குவதைக் கம்ப்யூட்டர் "உயரம் கூடிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு காற்றை வெளியே விடும் ஆபத்தும் உண்டு.

ஜாக்கியை அந்த வாகனத்துக்குச் சொல்லப்பட்ட இடத்தில் மட்டும் வையுங்கள். ஏற்றியவுடன் சேஸிக்கு ஸ்டாண்ட் கொடுத்து, ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். பாடியைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசையக்கூடாது. ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது, காற்றுப் பையை நம்பியும் போகக்கூடாது.

அக்ஸலுக்கும் தனியாக முட்டு வேண்டும். காற்று போனதும் அக்ஸல் கீழே தொங்கும். அதை அதற்கு மேல் இறங்க விடாமல் பிடிப்பது பெரும்பாலும் ஷொக் அப்சோபர்தான். அதைக் கழற்றிவிட்டு அக்ஸலை முட்டில்லாமல் விட்டால், பை அளவுக்கு மேல் இழுபட்டுக் கிழியும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

அடுத்தது காற்று. டாங்கியின் அடியில் உள்ள வால்வைத் திறந்தால் டாங்கி காலியாகும், கேஜ் பூச்சியத்துக்கு வரும். புதியவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். கேஜ் பூச்சியம் என்றால் பையும் காலி என்று அர்த்தமில்லை. பாதுகாப்பு வால்வு மூடிக்கொள்ளும், லெவலிங் வால்வு நடுவில் நின்று மூடியிருக்கும். பைக்குள் காற்று அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும்.

எங்களிடம் வேலை பழகிய ஒரு பிள்ளை கேஜைப் பார்த்துவிட்டு, பையின் பைப் நட்டை முழுதாகக் கழற்றினான். பைப் சாட்டை போல வீசி அவன் கன்னத்தைக் கிழித்தது, பாடி கீழே இறங்கியது. சேஸிக்கு ஸ்டாண்ட் இருந்ததால் ஒரு விரற்கடை தூரம் மட்டும் இறங்கி நின்றது. அவன் கை அந்த நேரம் டயருக்கும் பாடிக்கும் நடுவில் இருந்தது. கை தப்பியது ஸ்டாண்டால்தான். கன்னத்துக்குத் தையல் போட்டார்கள்.

சரியான முறை: லெவலிங் வால்வின் கம்பியை அக்ஸல் பக்கத்தில் கழற்றி, கையைக் கீழே தள்ளிப் பிடியுங்கள். காற்று சீறி வெளியேறும். சத்தம் நின்ற பிறகும் கையை விடாமல் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். பையைக் கையால் அழுத்தினால் தளர்ந்திருக்க வேண்டும். இதை ஒவ்வொரு வால்வுக்கும் செய்ய வேண்டும், ஒன்றைக் காலி செய்தால் மற்றது காலியாகாது. ஜீப் வகையில் இதே வேலையை, வாகனத்தின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரால் செய்யலாம். அது முடிந்த பிறகு பேட்டரியையும் கழற்றுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்திக் காத்திருங்கள். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள்.

பின் பிரேக் சேம்பரின் கிளிப்பை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். உள்ளே அழுத்தி அடைத்த பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. டாங்கி காலியாக இருந்தாலும் அது ஆளைக் கொல்லும்.

7. பையைக் கழற்றுவதும் பூட்டுவதும்

கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள், பைப் எந்தப் பக்கம் போகிறது என்பது படத்தில் தெரியட்டும். பக்கத்தில் வெல்டிங் வேலை இருந்தால் பை போடும் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் ஈரச் சாக்கால் முழுதாக மூடுங்கள். ஒரு தீப்பொறி ரப்பரில் விடும் குழி அன்று தெரியாது, சில மாதத்தில் வெடிக்கும்.

புதுப் பையைத் தரையில் வைத்துக் காற்றடித்துச் சோதிக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதை விடுங்கள். மேலும் கீழும் பிடிப்பில்லாத பை அளவுக்கு மீறி நீண்டு, தட்டு துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும்.

பூட்டும்போது பையை முறுக்காமல் நேராக வைத்து, நட்டுகளைச் சொல்லப்பட்ட அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல வாகனங்களில் மேல் தட்டும் பிஸ்டனும் பிளாஸ்டிக் அல்லது மெல்லிய தகடு. லொறி நட்டைப் போல முறுக்கினால் வெடிக்கும்.

நைலோன் பைப்பைக் கட்டரால் நேராக வெட்டுங்கள். ஹெக்ஸோ பிளேட்டால் வெட்டினால் முனை சரியும், பிசிர் நிற்கும், அந்தப் பிசிர் மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீறும். புதுப் பை போட்டும் காலையில் வாகனம் படுத்திருப்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இந்த ஹெக்ஸோ வெட்டுத்தான். பைப்பை முடியும் வரை தள்ளி, பிறகு பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். சைலன்சரிலிருந்து தள்ளியே அதைக் கொண்டுபோங்கள்.

8. காற்றை ஏற்றுவது

காலிப் பையின் மேல் வாகனத்தை இறக்கக்கூடாது. ரப்பர் தப்பாக மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். பாரம் ஸ்டாண்டில் இருக்கும்போதே கொஞ்சம் காற்றை ஏற்றி, பை பிஸ்டன் மீது சுற்றிலும் ஒரே மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுருக்கம் தெரிந்தால் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். சரியாக இருந்தால் முழுதாக ஏற்றி, எல்லா மூட்டுக்கும் நுரை வைத்துப் பார்த்த பிறகு ஸ்டாண்டை எடுங்கள். அந்த நேரம் யாரும் அடியில் இருக்கக்கூடாது.

1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று கடற்கரையை விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிதானது. கொம்ப்ரசருக்கு ஒவ்வொரு சுற்றிலும் குறைவான காற்றுத்தான் கிடைக்கும். கொழும்பை விட நேரம் எடுக்கிறது என்பதற்காக மட்டும் கொம்ப்ரசர் பழுது என்று முடிவு செய்யாதீர்கள்.

9. உயரம்

பஸ்ஸில் லெவலிங் வால்வின் கம்பி நீளத்தை மாற்றி உயரத்தைச் சரி செய்வார்கள். பழைய கம்பியை வளைத்து உயரம் கூட்டுவதை விட்டுவிடுங்கள். உயரம் கூடினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். குறைந்தால் கொண்டை ஊசி வளைவில் பம்பர் உரசும், பள்ளத்தில் அக்ஸல் மேலேயுள்ள தடுப்புக் கட்டையில் இடிக்கும். வால்வு மெதுவாக வேலை செய்வதால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பொறுத்து நின்று அளவெடுங்கள்.

ஜீப்பில் சென்சர் மாற்றினால் ஸ்கேனரால் புதிய உயரத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே ஒரு பக்கத்தைத் தாழ்த்தி வைக்கும்.

10. கொம்ப்ரசர், டிரையர், டாங்கி

ஜீப் வகையில் கொம்ப்ரசர் எரிந்துபோனால், அதை எரித்தது எது என்று முதலில் தேடுங்கள். அனேகமாக ஒரு சின்னக் கசிவு. அதை ஈடுகட்ட நாள் முழுவதும் ஓடி ஓடித்தான் அது எரிகிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கொம்ப்ரசர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும், வாகனக்காரரின் பணம் வீணாகும். கொம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ரிலே கொம்ப்ரசரை நிற்கவே விடாது.

எங்கள் மழையில் டிரையர் சீக்கிரம் ஈரமேறும். பஸ் டாங்கியின் அடி வால்வை வேலை முடிந்த பிறகு தினமும் திறந்து பாருங்கள், ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் டிரையர் முடிந்துவிட்டது. பால் தேத்தண்ணீர் போலக் கலங்கிய வழவழப்பு வந்தால், கொம்ப்ரசரிலிருந்து எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து வருகிறது. அந்த நிலையில் டிரையரை மட்டும் மாற்றுவது பயன் தராது, எண்ணெய் புது டிரையரையும் கெடுத்து வால்வுகளின் ரப்பரையும் ஊத வைக்கும். முதலில் கொம்ப்ரசரைப் பாருங்கள்.

11. ஓட்டிப் பார்ப்பது

புறப்படும் முன் எஞ்சினை நிறுத்தி, பிரேக் கேஜைப் பத்து நிமிடம் பாருங்கள். சஸ்பென்ஷன் கசிவு பிரேக் காற்றை இழுக்காமல் காப்பது அந்தப் பாதுகாப்பு வால்வுதான். அது ஒட்டிக்கொண்டிருந்தால் பையில் உள்ள ஓட்டை பிரேக்கையும் வெறுமையாக்கும். சோதிக்க வேண்டிய இடம் கராஜ். கேஜ் இறங்கினால் வாகனத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

கேஜ் இறங்காமல் நின்றால், முதலில் மேடு பள்ளமான வீதியில் மெதுவாகவும், அப்புறம் வளைவுகளிலும் ஓட்டுங்கள். இறக்கத்தில் போகும் முன் கேஜை இன்னொரு முறை பாருங்கள்; எஞ்சின் மெதுவாக ஓடும்போது கொம்ப்ரசரும் மெதுவாகத்தான் நிரப்பும், பிரேக்கோ அடிக்கடி காற்றைச் செலவழிக்கும்.

திரும்பி வந்து பெயின்ட் குறியில் நிறுத்தி, நான்கு மூலையையும் மறுபடி அளந்து, முதலில் எழுதிய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வாகனத்தை ஒரு இரவு கராஜில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எஞ்சினைத் தொடும் முன் ஒருமுறை அளந்து, அதன் பிறகு சாவியைக் கொடுக்கலாம்.